விண்கதிர் வேட்டை – 17: பட்டியலில் மங்கலாக இருந்த பெயர்

சிக்னஸ் எக்ஸ்-3 என்ற விண்பொருள் எல்லோரையும் கைவிட்ட கதையோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். ஜெர்மனியின் கீல் நகரக் குழு 1983இல் கொளுத்திப் போட்ட பரபரப்பு பத்தாண்டுக்குள் சத்தமில்லாமல் அடங்கிப்போனது. விண்கதிர்களின் பிறப்பிடத்தைப் பிடித்துவிட்டதாக மார்தட்டியவர்கள், புதிய கருவிகள் வெறுங்கையோடு திரும்பியதும் ஒவ்வொருவராகப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அந்த நாட்களில் உயர் ஆற்றல் காமா கதிர் ஆய்வு என்றாலே மற்ற வானியலாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதில் நியாயமும் இருந்தது. இருபது ஆண்டுகளாக யாரோ ஒருவர் எதையோ கண்டதாக அறிவிப்பார். அடுத்தவர் அதே இடத்தைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இந்த அவப்பெயர் நீங்கியது 1989இலிருந்து 1992க்குள். அதில் முதல் பாதி நம் பால்வெளிக்குள் நடந்தது, இரண்டாம் பாதி 40 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால். இரண்டுக்கும் அரிசோனா மாநிலத்தின் ஒரே மலைதான் களம். ஆனால் இரண்டாம் பாதிக்கான துப்பு அந்த மலையில் கிடைக்கவில்லை. அது விண்வெளியிலிருந்து வந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

1991 ஏப்ரல் 5 அன்று அட்லாண்டிஸ் விண்ணோடம் 17 டன் எடையுள்ள ஓர் ஆய்வகத்தைச் சுமந்து கிளம்பியது. காம்ப்டன் காமா கதிர் ஆய்வகம் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். இரண்டு நாள் கழித்து அதை வெளியே விடும் நேரத்தில், தகவல்களைப் பூமிக்கு அனுப்ப வேண்டிய பெரிய ஆன்டெனாவின் தண்டு மடிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. தரையிலிருந்து கட்டளை மேல் கட்டளை அனுப்பிப் பார்த்தார்கள். அசையவில்லை. கடைசியில் ஜெர்ரி ராஸ், ஜே ஆப்ட் இருவரும் விண்ணுடை மாட்டிக்கொண்டு, திட்டத்திலேயே இல்லாத நடையாக வெளியே போனார்கள். ராஸ் தண்டைக் கையால் பிடித்துச் சில தடவை தள்ளினார், விடுபட்டது. பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் ஒரு மனிதக் கையின் தள்ளலில் தப்பின.

அந்த ஆய்வகத்தில் இருந்த நான்கு கருவிகளில் நமக்கு வேண்டியது ஈக்ரெட். ஜூன் மாதம் அதைக் கன்னி ராசிப் பக்கம் திருப்பினார்கள். அங்கே 3சி 273 என்ற குவேசார் இருக்கிறது. பால்வெளிக்கு வெளியே காமா கதிர் உமிழ்வதாக அதுவரை தெரிந்திருந்தவை மிகச் சில. அவற்றில் பெயர்பெற்றது இது. 1970களில் ஐரோப்பாவின் காஸ்-பி செயற்கைக்கோள் அதைக் கண்டிருந்தது. ஆகவே அது தெரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரியத்தான் செய்தது. ஆனால் அது 3சி 273 இல்லை. அதிலிருந்து சுமார் 10 பாகை தள்ளி, 3சி 279 என்ற வேறொரு குவேசார். எதிர்பார்த்த ஆள் மங்கலாக ஒரு மூலையில் நின்றிருக்க, யாரும் எண்ணிப் பார்க்காத ஆள் அரங்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த 3சி 279இன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கிளம்பும்போது நம் சூரியன் இன்னும் பிறந்திருக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் அந்த வாரங்களில் அதன் காமா கதிர் வீச்சு, ரேடியோ முதல் எக்ஸ் கதிர் வரை அது வெளியிடும் மற்ற அனைத்தையும் விஞ்சி நின்றது. ஒரு பொருளின் ஆற்றலில் பெரும்பங்கு எந்த அலைவரிசையில் போகிறது என்பதே தெரியாமல் இருபது ஆண்டுக்கு மேல் அதை ஆராய்ந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆக்டிவ் கேலக்ஸி என்று வானியலாளர்கள் அழைக்கும் குவேசார் போன்றவற்றின் மையத்தில், சூரியனைவிடப் பல கோடி மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. அதில் விழும் பொருளில் ஒரு பகுதி உள்ளே போகாமல், இரு எதிர்த்திசைகளில் தாரைகளாகப் பீறிடுகிறது. வேகம் ஒளியின் வேகத்துக்கு மிக அருகில். அந்தத் தாரை தற்செயலாக நம்மை நோக்கி இருந்துவிட்டால், சார்பியல் விதிகளின்படி அதன் ஒளி நம் கண்ணுக்குப் பன்மடங்கு பெருகித் தெரியும், மாற்றங்களும் வேகமாக நடப்பதாகத் தோன்றும். இப்படி நம்மை நேராகக் குறிவைப்பவற்றை பிளேசார் என்கிறார்கள். ஈக்ரெட் தன் பணிக்காலத்தில் உறுதியாக அடையாளம் கண்ட பிளேசார்கள் 66. ஏறக்குறைய ஒன்றுமில்லாத இடத்திலிருந்து 66.

இந்தச் செய்தி அரிசோனாவின் மவுன்ட் ஹாப்கின்ஸ் மலைக்கு எட்டியபோது அங்கிருந்தவர்களுக்குக் கை பரபரத்திருக்கும். ஏனென்றால் ஈக்ரெட்டுக்கு எட்டாத ஓர் ஆற்றல் எல்லை உண்டு. அதற்கு அப்பால் பார்க்கக்கூடிய ஒரே நம்பகமான கருவி அந்த மலையில்தான் இருந்தது.

எல்லை ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காமா கதிரின் ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை சரசரவென்று குறைகிறது. வானத்தில் நிலையாக ஒளிரும் காமா மூலங்களில் மிகப் பிரகாசமானவற்றுள் ஒன்று நண்டு நெபுலா. அதிலிருந்து 1 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலோடு, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளைப் போல் சுமார் 50,000 கோடி மடங்கு ஆற்றலோடு வரும் கதிர், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒன்று விழ ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். செயற்கைக்கோளில் ஒரு சதுர மீட்டர் கருவி வைப்பதே பெரும்பாடு. அடுத்த கதிருக்கு இன்னும் இரண்டு மாதம்.

தரையில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வழி நெடுகிலும் சங்கடங்களும் உண்டு. அப்படிப்பட்ட கதிர் காற்று மண்டலத்தின் உச்சியில், சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், ஓர் அணுவருகே வந்ததும் எலக்ட்ரானும் பாசிட்ரானுமாக உடைகிறது. அவை மீண்டும் காமா கதிர்களைப் பிறப்பிக்க, அவை மறுபடி உடைய, ஒன்று இரண்டாகி இரண்டு நான்காகி ஒரு பொழிவு கீழிறங்குகிறது. இந்த எலக்ட்ரான்கள் காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட விரைவாக ஓடுவதால் நீல ஒளி சிந்துகின்றன; செரன்கோவ் ஒளி. அணு உலைகளின் நீர்த்தொட்டியில் தெரியும் நீலமும் இதே வகைதான். இந்த ஒளி தரையில் சுமார் 120 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தில் பரவி விழுகிறது. நீடிப்பது சில நானோ வினாடிகள் மட்டுமே. அந்த வட்டத்தில் எங்கே ஒரு கண்ணாடியை நிறுத்தினாலும் அந்தக் கதிரைக் கண்டதாகவே அர்த்தம். ஆகவே நம் வலையின் பரப்பு ஒரு சதுர மீட்டர் அல்ல. 45,000 சதுர மீட்டர், சுமார் 11 ஏக்கர். இரண்டு மாதக் காத்திருப்பு இரண்டு நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த ஒளியை முதலில் பிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கால்பிரெய்த், ஜெல்லி இருவர். 1952இல் அவர்கள் கையில் இருந்த கருவி இதுதான்: ஒரு குப்பைத்தொட்டி, அதற்குள் 25 சென்டிமீட்டர் கண்ணாடி ஒன்று, அதன் குவியத்தில் ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய். இருட்டான வயலில் தொட்டியை வானம் பார்க்க வைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் கோடு துள்ளியது. அறிவியல் வரலாற்றில் குப்பைத்தொட்டிக்கு இதைவிட மேலான இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் துள்ளியவை காமா கதிர்கள் அல்ல. எல்லாத் திசைகளிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் விண்கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். அவையும் காற்றில் இதேபோல் பொழிவை உண்டாக்குகின்றன, இதேபோல் நீல ஒளி சிந்துகின்றன. ஒரு காமா கதிருக்கு ஆயிரம் புரோட்டான் என்ற விகிதம். புரோட்டானுக்கு மின்னூட்டம் இருப்பதால் கேலக்ஸிகளின் காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வருகிறது. எங்கிருந்து கிளம்பியது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காமா கதிர் வளையாது. விண்கதிரின் ஊரைக் கண்டுபிடிக்கக் காமா கதிரைத் தேடினார்கள். அந்தத் தேடலுக்கு விண்கதிரே இடைஞ்சலாக நின்றது. இந்தத் துறையின் நாற்பது ஆண்டு அவதி முழுவதும் இவ்வளவுதான்.

1959இல் மாஸ்கோவில் நடந்த விண்கதிர் மாநாட்டில் ஜுசெப்பே கொக்கோனி, நண்டு நெபுலாவிலிருந்து காமா கதிர்கள் பின்னணியைவிட ஆயிரம் மடங்கு ஓங்கித் தெரியும் என்று கணித்துச் சொன்னார். மிகையான கணக்கு; ஆனால் அந்த மிகையே பலரை வயலில் இறக்கியது. கருங்கடல் ஓரம் கிரிமியாவில் அலெக்சாந்தர் சுதக்கோவ் ஒன்றரை மீட்டர்க் கண்ணாடிகள் 12 வைத்து 1960 முதல் 1963 வரை பார்த்தார். நண்டு நெபுலாவையும் பார்த்தார், சிக்னஸ் ஏ போன்ற ரேடியோ கேலக்ஸிகளையும் பார்த்தார். ஒன்றுமில்லை. டப்ளினுக்கு அருகே கிளென்கல்லனில் நீல் போர்ட்டரின் ஐரிஷ் குழு, உலகப் போரில் மிஞ்சிய தேடுவிளக்குக் கண்ணாடிகளை எடுத்துவந்து குவேசார்கள் பக்கம் திருப்பியது. அங்கும் ஒன்றுமில்லை. அயர்லாந்தின் மேகங்களுக்கு நடுவே வானியல் செய்யத் துணிந்ததற்கே அவர்களுக்குத் தனியாக ஒரு பாராட்டு சேரவேண்டும்.

நம் ஊட்டிக்கும் இதில் பங்கு உண்டு. பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு, 1960களின் இறுதியில் பி. வி. ஸ்ரீகண்டனின் டாட்டா ஆய்வுக் கழகக் குழு அங்கே தேடுவிளக்குக் கண்ணாடிகளை நிறுத்தியது. நீலகிரியில் மழையும் பனிமூட்டமும் விலகும் மாதங்களில், நிலவில்லாத இரவுகளில் மட்டும் வேலை. பல்சார்களிடமிருந்து துடிப்பு வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 1980களில் அந்த முயற்சி மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு இடம் பெயர்ந்தது.

கிளென்கல்லன் குழுவில் மாணவராக இருந்தவர் டிரெவர் வீக்ஸ். டப்ளின்காரர். 1966இல் அமெரிக்காவுக்குப் போன அவர், ஜியோவானி ஃபாசியோவின் திட்டத்தில் சேர்ந்தார். 1968இல் மவுன்ட் ஹாப்கின்ஸில் 2,300 மீட்டர் உயரத்தில் அவர்கள் நிறுத்திய தொலைநோக்கிக்கு 10 மீட்டர் குறுக்களவு. எளிதாகச் சொன்னால், 248 சிறு அறுகோணக் கண்ணாடிகளை ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்திய வளைந்த தட்டு. சூரிய வெப்ப உலைக்காக வகுத்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். கூரை கிடையாது, வெயிலும் காற்றும் புழுதியும் பட்டபடி திறந்தவெளியில் நின்றது. விண்மீனைத் தெளிவாகக் காட்டும் கருவி அல்ல அது. நீல மின்னலைச் சேர்த்துக் குவித்தால் போதும்.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். அங்கிருந்தவர்களால் அப்படிக் கடக்க முடியவில்லை. பெரிய கண்ணாடி, பெரிய வட்டம், அதே ஆயிரத்துக்கு ஒன்று. இடையில் ஆஸ்திரேலியாவின் நராப்ரியில் வேறு வேலைக்காகக் கட்டிய இரு பெரிய கண்ணாடிகளைக் கொண்டு ஜோனதன் கிரிண்ட்லே குழு சென்டாரஸ் ஏ கேலக்ஸியிலிருந்து காமா கதிர் வந்ததாக 1975இல் அறிவித்தது. பால்வெளிக்கு வெளியிலிருந்து என்று பார்த்தால் அதுவே முதல் அறிவிப்பு. மற்றவர்களால் உறுதி செய்ய முடியாமல் அது தொங்கலில் நின்றது. 2009இல் நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் அந்தக் கேலக்ஸியை நிச்சயமாகக் கண்டன. ஆனால் பழைய அறிவிப்பில் சொன்னதைவிட மிகவும் மங்கலாக. அன்று அவர்கள் கண்டது மெய்யா, மயக்கமா என்று இன்றும் அடித்துச் சொல்வதற்கில்லை. நான் மெய் என்ற பக்கம் சாய்கிறேன். இந்தப் பொருள்கள் எவ்வளவு ஏறி இறங்கும் என்று கீழே பார்க்கப்போகிறோம்.

முடிச்சை அவிழ்த்தவர் மலைமேல் இருந்தவரல்ல. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த மைக்கேல் ஹில்லஸ். குவியத்தில் ஒரே ஒரு குழாய் வைத்து ஒளி வந்ததா இல்லையா என்று மட்டும் கேட்காமல், பல குழாய்களை அடுக்கி அந்த மின்னலைப் படமாகவே எடுத்தால் என்ன என்று வீக்ஸ் குழு ஏற்கெனவே 37 குழாய்களோடு தொடங்கியிருந்தது. படம் கிடைத்தது, அதில் எதைத் தேடுவது என்பதுதான் தெரியவில்லை. ஹில்லஸ் பொழிவுகளைக் கணினியில் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து, 1985 மாநாட்டில் விடை சொன்னார். காமா கதிரின் பொழிவு ஒடுங்கிய நீள்வட்டமாக விழும்; அதன் நீள அச்சு மூலத்தை நோக்கியிருக்கும். புரோட்டானின் பொழிவு அணுக்கருவை உடைத்துக்கொண்டு பக்கவாட்டில் சிதறுவதால் பருத்து, ஒழுங்கில்லாமல், எந்தத் திசையையோ பார்த்துக் கிடக்கும். நீளம், அகலம், சாய்வு என்று சில எண்களை அளந்தால் போதும். நூறு புரோட்டான்களில் 97க்கு மேல் கழித்துக் கட்டிவிடலாம்.

நான்கு பக்கக் கட்டுரை அது. நாற்பது ஆண்டு இரைச்சலை அடக்கிவிட்டது.

1989இல் நண்டு நெபுலாவைப் பற்றிய முடிவு வெளியானது: 9 சிக்மா. தற்செயலாக இப்படி நேர வாய்ப்பே இல்லை என்று சொல்வதற்கான புள்ளியியல் மொழி அது. ஆயிரம் மடங்கு என்று கொக்கோனி சொன்ன கதிர், ஆயிரத்தில் ஒரு பங்காக, ஆனால் ஐயமில்லாமல் வந்து நின்றது.

இதற்குப் பின்தான் ஈக்ரெட்டின் பட்டியல் வருகிறது. மவுன்ட் ஹாப்கின்ஸ் குழு இப்போது 109 குழாய்கள் கொண்ட கேமராவோடு அந்தப் பட்டியலில் இருந்த பிளேசார்களைப் பார்க்கத் தொடங்கியது. நியாயமாக முதலில் சிக்க வேண்டியது 3சி 279. ஈக்ரெட்டில் அப்படிப் பளிச்சிட்டதே! சிக்கவில்லை. மற்ற பெரிய பெயர்களும் ஏமாற்றின. 1992 மார்ச்சிலிருந்து ஜூன் வரை பார்த்த ஒன்றே ஒன்று மட்டும் 6 சிக்மா அளவில் எழுந்தது. ஈக்ரெட்டின் பட்டியலில் மிக மங்கலானவற்றுள் ஒன்றான மார்க்கரியன் 421. ஒளி, நண்டு நெபுலாவில் பத்தில் மூன்று பங்கு. மைக்கேல் பஞ்ச் முதற்பெயராக நிற்கும் அந்தக் கட்டுரை ஆகஸ்ட் மாதம் நேச்சர் இதழில் வந்தது.

சப்தரிஷி மண்டலத்தில், 51 என்ற எண் பெற்ற ஒரு விண்மீனை ஒட்டினாற்போல இருக்கிறது இந்தக் கேலக்ஸி. அந்த விண்மீனின் ஒளி குழாய்களில் கூடுதல் இரைச்சலைச் சேர்க்கும் என்பதால் சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஆகவே அதையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டியிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரரான பெஞ்சமின் மார்க்கரியன் இதையெல்லாம் காண இருக்கவில்லை, 1985இலேயே காலமாகிவிட்டார். ஆர்மேனியாவில் அரகாட்ஸ் மலைச்சரிவிலுள்ள பியூரகான் வானாய்வகத்தில், 1 மீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியின் முன்னால் ஒரு முப்பட்டகத்தைப் பொருத்தி, தட்டில் விழுந்த ஒவ்வொரு கேலக்ஸியின் குட்டி நிறமாலையையும் உருப்பெருக்கியில் பார்த்து, புறஊதா மிகுந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தவர் அவர். 1965இல் தொடங்கிய அந்த வேலை 1,500 கேலக்ஸிகளில் போய் முடிந்தது. அவற்றில் 421ஆவது இது. அதே மலையின் உயரத்தில், 3,200 மீட்டரில், ஆர்ட்டெம் அலிகானியனும் அண்ணன் ஆப்ரம் அலிகானோவும் 1943இல் தொடங்கிய விண்கதிர் நிலையம் இருக்கிறது. கீழே ஒருவர் கேலக்ஸிகளை எண்ணிக்கொண்டிருக்க, மேலே இருப்பவர்கள் விண்கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று தொடர்புடையதாக இருக்கலாம் என்பதற்கு முதல் அடையாளம் வேறொரு கண்டத்து மலையில் கிடைத்தது.

பெரியவர் தெரியாமல் போய்ச் சிறியவர் தெரிந்தது ஏன்? பனிமூட்டம் இறங்கிய மாலையில் கோத்தகிரிச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். பத்தடி தள்ளி நிற்கும் டீக்கடையின் குண்டு பல்ப் தெரியும். இரண்டு வளைவுக்கு அப்பால் வரும் லாரியின் முகப்பு விளக்கு தெரியாது. பிரபஞ்சத்திலும் அப்படி ஒரு மூட்டம் இருக்கிறது. காலமெல்லாம் எரிந்த விண்மீன்கள் அனைத்தும் உமிழ்ந்த ஒளி, அகச்சிவப்பாகவும் மற்றபடியும் கேலக்ஸிகளுக்கு நடுவே நிரம்பிக் கிடக்கிறது. டெரா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் அந்த அகச்சிவப்பு ஒளித்துகள் ஒன்றை மோதினால் இரண்டும் மறைந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் மிஞ்சுகின்றன. தூரம் கூடக் கூட மோதல் கூடும். ஈக்ரெட் பார்க்கும் குறைந்த ஆற்றல் கதிருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே 3சி 279 செயற்கைக்கோளுக்கு ஜொலித்தது, மலைக்கு மறைந்தது. 40 கோடி ஒளியாண்டு என்பது இந்தக் கணக்கில் பக்கத்து வீடு.

மோதலைப் பற்றி 1962இலேயே சோவியத் இயற்பியலாளர் நிக்கிஷோவ் எழுதியிருந்தார். முப்பது ஆண்டு அது காகிதத்தில் தூங்கியது. 1992இல் மார்க்கரியன் வந்ததும் ஃபிளாய்ட் ஸ்டெக்கர் முதலியோர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள்: கதிர் எவ்வளவு குறைந்து வருகிறது என்று பார்த்து மூட்டத்தின் அடர்த்தியை அளந்துவிடலாமே! நேரடியாக அதை அளப்பது கடினம், ஏனெனில் நம் சூரியக் குடும்பத்தின் தூசியே அகச்சிவப்பில் எல்லாவற்றையும் மறைத்து ஒளிர்கிறது. ஹெஸ் குழு 2006இல் இந்த வழியில் அளந்தபோது, பலர் நினைத்ததைவிட மூட்டம் மெலிதாக இருந்தது. அதே 2006 பிப்ரவரியில், லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கி தன் 17 மீட்டர் கண்ணாடியால் 3சி 279ஐயும் ஒரு வழியாகப் பிடித்துவிட்டது. மூட்டம் தின்னாத, சற்றுக் குறைந்த ஆற்றலில். பெரியவருக்குப் பதினான்கு ஆண்டு தாமதம்.

மார்க்கரியன் 421 காணக் கிடைத்தது ஒரு சேதி என்றால், அது நடந்துகொண்ட விதம் இன்னொரு சேதி. 1996 மே 7. நான்கு நாளுக்கு முன்புதான் பௌர்ணமி. நிலா இருந்தால் இந்தக் குழாய்களைத் திறக்க முடியாது என்பதால் அந்த வாரத்தில் இருள் கிடைப்பது மாலையில் சிறிது நேரமே. அந்தச் சிறிய இடைவெளியில் கேலக்ஸியின் ஒளி ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், நண்டு நெபுலாவைப் போல் 10 மடங்கானது. சுமார் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பு. நான்கு ஆண்டுக்கு முன் பத்தில் மூன்று பங்காக இருந்த அதே பொருள்! மே 15 அன்று இன்னொரு வெடிப்பு. இம்முறை அவ்வளவு உயரவில்லை, ஆனால் அரை மணிக்குள் ஏறி இறங்கி முடிந்துவிட்டது.

அரை மணி என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பொருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போகும் நேரத்தைவிட வேகமாக அந்தப் பொருள் முழுவதும் சேர்ந்து மின்ன முடியாது. தாரை நம்மை நோக்கி விரைவதற்கான சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலும், அந்த வெடிப்பு நடந்த இடம் நெப்டியூனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். ஒரு கேலக்ஸி முழுவதன் ஒளியையும் தோற்கடிக்கும் வீச்சு, சூரியக் குடும்பத்தை விடச் சிறிய ஒரு மூலையிலிருந்து. 2006 ஜூலை 28 அதிகாலையில் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசார் இந்த அரை மணியையும் பழங்கதையாக்கியது. அதன் ஏற்ற இறக்கத்தை ஹெஸ் குழு நிமிடக் கணக்கில் அளந்தது.

சரி, அந்த மூலையில் ஓடுவது எது? இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில் விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறியதிலிருந்து நாம் தேடிவருவது அதைத்தானே. எலக்ட்ரான்கள் என்றால் கதை எளிது: காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர் உமிழ்கின்றன, அந்த ஒளியையே மறுபடி மோதித் தள்ளிக் காமா கதிராக்குகின்றன. அப்படியானால் எக்ஸ் கதிரும் காமா கதிரும் சேர்ந்தே ஏற வேண்டும். 1994 மே மாதம் மார்க்கரியன் 421 வெடித்தபோது ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோளும் மவுன்ட் ஹாப்கின்ஸும் கண்டது அதைத்தான். 2010 பிப்ரவரியில் அது மீண்டும் பெரிதாக எழுந்தபோது உலகின் பல கருவிகளோடு லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில் இந்தியாவின் ஹகார் தொலைநோக்கிகள் ஏழும் அதைப் பார்த்தன. ஊட்டியில் தேடுவிளக்கோடு தொடங்கிய முயற்சியின் வழிவந்தவைதான் அவை. (இப்போது அதே ஹான்லேயில் 21 மீட்டர் கண்ணாடியுள்ள மேஸ் நிற்கிறது, 2024 அக்டோபரில் திறந்தார்கள்.) எலக்ட்ரான் கட்சிக்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே போயின.

ஆனால் எலக்ட்ரான் கட்சி வென்றால் விண்கதிர் வேட்டைக்காரர்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. நம்மேல் பொழியும் விண்கதிர்கள் பெரும்பாலும் புரோட்டான்களும் அணுக்கருக்களும். தாரைகளில் புரோட்டான்களும் முடுக்கப்பட்டால், அவை மோதிப் பிறக்கும் பையான் என்ற துகள்கள் சிதைந்து காமா கதிர் வரும். கூடவே நியூட்ரினோவும் வந்தாக வேண்டும். எலக்ட்ரான்களால் நியூட்ரினோ தர முடியாது. கார்ல் மன்ஹைம் போன்றவர்கள் 1990களின் தொடக்கத்திலிருந்தே இந்தக் கட்சியை விடாமல் பேசிவந்தார்கள். காமா கதிரை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பது எனக்கு அப்போதே முடிந்துபோன விஷயமாகத் தோன்றுகிறது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் இரு கட்சிகளும் தத்தம் கணக்கில் பொருத்திக்காட்டிவிடுகின்றன.

2002 ஜூன் 4 அன்று 1இஎஸ் 1959+650 என்ற பிளேசார் எலக்ட்ரான் கட்சியைச் சற்றுத் திணறடித்தது. காமா கதிர் எகிறியது. எக்ஸ் கதிர் அசையவே இல்லை. சேர்ந்து ஏற வேண்டிய இரண்டில் ஒன்று மட்டும். இதைக் கேள்விப்பட்டு, தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் உணர்கருவிகளைப் புதைத்திருந்த அமாண்டா குழுவினர் தங்கள் பதிவுகளைப் புரட்டினார்கள். அந்தத் திசையிலிருந்து, அந்தக் காலகட்டத்தில், சில நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன. வெடிப்பைத் தெரிந்துகொண்ட பிறகு தேடிக் கண்ட பொருத்தம் அது. முன்கூட்டியே நிபந்தனை வைக்காத தேடலுக்குச் சிக்மா கணக்குப் போட முடியாது, அவர்களும் போடவில்லை. இன்னும் பெரிய பனிக்கட்டி வேண்டும் என்றார்கள். ஒரு கன கிலோமீட்டர்.

(அடுத்த இதழில்: பனிக்குள் இறங்கிய ஐஸ்கியூப்)